டிரம் பறக்கும்... பாட்டு ஆற அமர நடக்கும்! தெரியுமா?

டிரம் அண்ட் பாஸ் இசையில் டிரம் நிமிடத்துக்கு 170 துடிப்பைத் தாண்டிப் பறக்கும், தெரியுமா? அந்த வேகத்தில் யாரால் பாட முடியும்? முடியும்! பாடுகிறவர் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில்தான் பாடுவார். முதல் காலமும் இரண்டாம் காலமும் ஒன்றாக ஓடுவதுபோல!

இதைவிட ஆச்சரியம், அந்த டிரம் வந்த வழி. 1969-ல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் ‘அமென், பிரதர்’ என்று ஒரு துண்டைப் பதிந்தது. அதில் கிரகரி கோல்மன் தனியாக டிரம் வாசித்தது சுமார் ஏழு விநாடிதான். அதை வெட்டி, ஒட்டி, முடுக்கித்தான் ஆயிரக்கணக்கான டிராக்குகள் பிறந்தன! கோல்மனுக்கு அதற்காக ராயல்டி எதுவும் வரவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

எல்லோர் கையிலும் அதே டிரம் என்றால், ஒரு ஆல்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எது? பாட்டுதான்!

கோல்டியின் ‘டைம்லெஸ்’ கேட்டிருக்கிறீர்களா? 1995-ல் வந்தது. முதல் பாட்டே 21 நிமிடம்! சுவர்களில் கிராஃபிட்டி வரைந்து பெயர் வாங்கியவர் கோல்டி; இங்கே சுவருக்குப் பதில் ஒலி. நகர வாழ்க்கையின் அழுத்தத்தை டயான் சார்ல்மேன் பாடுகிறார். கீழே டிரம் சில்லுச் சில்லாக நொறுங்குகிறது, அவர் குரலோ அலுங்காமல் மேலே மிதக்கிறது. போகிறது, காணாமல் போகிறது, நாம் தவிக்கும்போது திரும்பி வருகிறது! 1998-ல் அதே கோல்டி ‘மதர்’ என்று ஒரு மணி நேரப் பாட்டே போட்டார். ஆனாலும் என் மனசில் தங்கியது அந்த 21 நிமிடம்தான்.

1997-ல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசுப் பட்டியலில் ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ இருந்தது. வென்றது யார் தெரியுமா? பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸும் அவருடைய ‘ரெப்ரஸென்ட்’ குழுவும்! பரிசு வென்ற ‘நியூ ஃபார்ம்ஸ்’ ஆல்பத்தில் ஓனலீ என்ற பாடகியின் குரலும் டபுள் பாஸின் கனத்த நாதமும் கலந்து வருவதைக் கேட்டால் காரணம் புரியும்.

இன்னொன்று! ‘எவ்ரிதிங் பட் த கேர்ள்’ மெல்லிய கிட்டார் பாட்டுகளால் பெயரெடுத்த ஜோடி. 1996-ல் ‘வாக்கிங் வூண்டட்’ ஆல்பத்தில் இந்த டிரம்முக்குள் துணிந்து இறங்கினார்கள். ஜோடியில் பாடுகிற ட்ரேசி தோர்ன் குரலை உயர்த்தவே இல்லை. டிரம் தலைதெறிக்க ஓட, பிரிவின் வலியைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் பாடுகிறார். டிரம்மை எடுத்துவிட்டு ஒரே ஒரு கிட்டாரில் வாசித்தாலும் அந்தப் பாட்டுகள் அப்படியே நிற்கும்!