கரும்புக் காட்டில் ஒரு விமான நிலையம்

டர்பன் என்ற பெயர் நமக்குப் புதியதல்ல. 1893-ம் வருஷம் காந்தியடிகள் தென்னாப்பிரிக்க மண்ணில் முதன்முதல் அடி வைத்தது அந்தத் துறைமுகத்திலேதான். அதற்கும் 33 வருஷங்களுக்கு முன், 1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரை அதே கரையில் இறக்கிவிட்டது. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற முதல் இந்தியர் அவர்களே. அவர்களும் அவர்களுக்குப் பின் சென்றவர்களும் வேர்வை சிந்தி வளர்த்த கரும்புத் தோட்டங்கள் நகருக்கு வடக்கே கடலோரமாகப் பரந்து கிடந்தன. அந்தக் கரும்புக் காட்டின் நடுவே இன்று பெரியதொரு விமான நிலையம் விளங்குகிறது. அது வளர்ந்த வரலாறு நாம் அறியத் தக்கது.

போத்தாவின் பெயர்

டர்பனின் பழைய விமானத் திடல் நகரை ஒட்டிய ஸ்டாம்போர்டு ஹில்லில் இருந்தது. 1951-ல் நகருக்குத் தெற்கே, ரீயூனியன் என்ற சமவெளியில், புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு 'லூயி போத்தா விமான நிலையம்' என்று பெயரிட்டார்கள்.

போத்தா யார்? 1910-ல் அமைந்த தென்னாப்பிரிக்க ஐக்கியத்தின் முதல் பிரதம மந்திரி. கறுப்பு மக்களின் நில உரிமையைப் பறித்த 1913-ம் வருஷத்துச் சட்டம் அவர் ஆட்சியில் பிறந்ததே. ஒப்பந்தம் முடிந்த இந்தியர் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்து, அதே வருஷம் சுரங்கத்திலும் தோட்டத்திலும் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். மவுண்ட் எட்ஜ்கம்பு கரும்புத் தோட்டத்தில் தொழிலாளர் குண்டடிபட்டு மாண்டனர். அத்தகைய ஆட்சியின் தலைவர் பெயரே நகரின் வான்வாயிலில் நெடுங்காலம் நின்றது. 1990-களில் நிறவெறி ஆட்சி ஒழிந்தபோதுதான் அதுவும் அகன்றது.

ஓடுபாதையின் நீளம்

பழைய நிலையத்தின் குறை அதன் ஓடுபாதை. அதன் நீளம் சுமார் 2.4 கிலோமீட்டர்தான். நெடுந்தூரம் செல்லும் பெரிய விமானம் முழுச் சுமையும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு கிளம்ப அது போதாது. ஆகவே கடல் கடந்து செல்வோர் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க் சென்றே விமானம் ஏற வேண்டியிருந்தது. அந்நகரமோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று லேசானது. லேசான காற்றில் இறக்கைகளுக்குத் தாங்குசக்தி குறையும். விமானம் இன்னும் வேகமாக, இன்னும் நெடுந்தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். கடலோரத்து அடர்ந்த காற்றில் இந்தத் தொல்லை இல்லை. டர்பனுக்கு இயற்கை அளித்த சலுகை இது.

எனவே நகருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே, லா மெர்ஸி என்ற இடத்தில், 1970-களிலேயே புது நிலையத்துக்கு மண் வேலை தொடங்கிற்று. பணமுடையால் 1980-களின் தொடக்கத்தில் அது நின்றுபோயிற்று. 2010-ம் வருஷத்து உலகக் கால்பந்துப் போட்டி நெருங்கியபோதுதான் மீண்டும் உயிர் பெற்றது. 2010 மே 1-ந் தேதி, 3.7 கிலோமீட்டர் ஓடுபாதையுடன், வருஷத்துக்கு 75 லட்சம் பிரயாணிகளுக்கு இடங்கொடுக்கும் 'அரசர் ஷாகா சர்வதேச விமான நிலையம்' திறக்கப்பட்டது. ஜூலு ராஜ்யத்தை நிறுவிய வீரர் ஷாகா.

ஆனால் ஜூலை 7-ந் தேதி, அரையிறுதி ஆட்டத்தன்று, செல்வர்களின் சொந்த விமானங்கள் நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டு நகர மறுத்தன. இறங்க வழியின்றிச் சில விமானங்கள் திரும்பின. சீட்டு வாங்கியிருந்த நூற்றுக்கணக்கானோர் ஆட்டத்தைக் காணவில்லை!

ஆயுதமில்லாத அரசர்

நிலையத்தின் முன் ஷாகாவின் சிலை ஒன்று வைத்தார்கள். கையில் ஈட்டியும் கேடயமும் இன்றி, மாடுகளின் நடுவே நின்றார் அரசர். 'வீரரை மாட்டுக்காரச் சிறுவனாக்கிவிட்டார்களே!' என்று ஜூலு அரச குடும்பம் வருந்தியது. சிலை அகற்றப்பட்டது. செய்த சிற்பியின் பெயரும் போத்தா என்பது விதியின் வேடிக்கை. அவர் ஆண்ட்ரிஸ் போத்தா என்ற வேறொருவர்.

குருவிகளும் குடியானவர்களும்

ஓடுபாதைக்கு அருகே மவுண்ட் மோர்லண்டு என்ற இடத்தில் ஒரு நாணற் சதுப்பு இருக்கிறது. ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பி வரும் தகைவிலான் குருவிகள் சுமார் 30 லட்சம், மாலைதோறும் அங்கே வந்து அடைந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிராம் எடைதான். ஆனால் கூட்டமாக எழுந்தால் விமானத்துக்கு ஆபத்து. நாணலை அழித்துவிடலாகாதென்று பறவை அன்பர்கள் போராடினார்கள். முடிவில் நாணலை விட்டுவைத்துப் பறவைகளைக் கண்காணிக்கும் ரேடார் கருவியை அமைத்தனர். கூட்டம் திரளும் வேளையில் விமானங்கள் காத்திருக்கலாம் என்பது ஏற்பாடு. குருவியும் பிழைத்தது, நிலையமும் வளர்ந்தது.

தெற்கே கைவிடப்பட்ட பழைய நிலையத்தின் கதை வேறு. அந்நிலத்தைத் தோண்டித் துறைமுகமாக்குவதென்று 2012-ல் ஸர்க்காரின் போக்குவரத்து ஸ்தாபனம் அதை விலைக்கு வாங்கிற்று. அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு வந்த இந்திய வமிசத்துக் குடியானவர்கள் கலங்கினார்கள். துறைமுகத் திட்டம் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. பிறர் நிலத்தில் பயிரிடுவோரின் அச்சமோ அதனால் தீர்ந்துவிடுவதில்லை.

பாதை நீள்வது முன்னேற்றந்தான். பெயர் மாறியது நியாயந்தான். ஆயினும் கரும்பு வெட்டிய கைகளின் சந்ததிக்கு, கால் ஊன்ற ஒரு பிடி நிலம் நிச்சயமாக வேண்டாமா? குருவிக்கு நாணலை விட்டுவைத்த தேசம் அதையும் செய்யும் என்று நம்புவோமாக.