போஸ்ட் கோரிக்கையில் தமிழ் எழுத்துச் சிதைவு: நோட்.ஜேஎஸ் சேவையகத்தை முன்வைத்து

மார்த்தாண்டம் என்னும் ஊர்ப்பெயர் இலக்கணப்படி 7 எழுத்துகளை உடையது. யுனிகோடு முறையில் துணைக்குறிகளும் புள்ளிகளும் தனிக் குறியீடுகளாதலின் அப்பெயர் 13 குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு பெறுவதால் 39 பைட்டுகளாக நீள்கிறது. இக்கணக்குகள் தம்முள் மயங்கும் இடங்களுள் ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் சேவையகம் போஸ்ட் கோரிக்கையைக் கையாளும் இடமாகும்.

போஸ்ட் கோரிக்கை தரவைத் தனி உடற்பகுதியில் கொணர்கிறது. 2009இல் ரயன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ் அதனைத் திரட்டித் தருவதில்லை. துண்டுகளை வந்தபடியே ‘டேட்டா’ நிகழ்வின்வழி அளித்து, இறுதியில் ‘எண்ட்’ நிகழ்வை எழுப்புகிறது. அத்துண்டுகளை வெற்றுச் சரம் ஒன்றுடன் கூட்டற்குறியால் ஒட்டிச் செல்வது தொடக்கநிலைப் பாடங்களில் பரவலாகக் காணப்படும் முறை. ஒட்டும்போதே ஒவ்வொரு துண்டும் தனித்தனியே எழுத்தாக மாற்றப்படுகிறது என்பதே இதன் குறை.

மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள தேனீ வளர்ப்பாளர் ஒருவர் ஆண்டு முழுவதற்குமான குறிப்புகளை ஒரே ஜேசான் ஆவணமாக அனுப்புவதாகக் கொள்ளலாம். துண்டின் எல்லை எங்கு விழும் என்பது அனுப்புநர் கையில் இல்லை. 65,536 பைட்டு கொண்ட துண்டாயினும் அவ்வெண் 3ஆல் மீதியின்றி வகுபடாது. ஒரு குறியீட்டின் முதற்பைட்டு ஒரு துண்டிலும் ஏனைய இரண்டு அடுத்ததிலும் அமைந்தால், அக்குறியீட்டின் இடத்தில் வினாக்குறி தாங்கிய கரிய சாய்சதுரங்கள் தோன்றும். ஜேசான் அமைப்பு சிதையாததால் பிழைச்செய்தி எழாது; சிதைந்த சொல்லே தரவுத்தளத்தில் பதிவாகும். மூலப் பைட்டுகள் அழிந்தமையால் அதனை மீட்கவும் இயலாது. ஆங்கில எழுத்து ஒரு பைட்டே ஆதலாலும், சிறிய சோதனைத் தரவு பெரும்பாலும் ஒரே துண்டாக வந்துவிடுவதாலும், சோதனையில் இக்குறை வெளிப்படுவது அரிது.

துண்டுகளைப் பைட்டு நிலையிலேயே அணியில் சேர்த்து, ‘எண்ட்’ நிகழ்வில் ‘பஃபர்.கான்கேட்’ கொண்டு இணைத்தபின் எழுத்தாக மாற்றுதல் முறையான தீர்வு. தொடக்கத்திலேயே ‘செட்என்கோடிங்’ வழி யுடிஎஃப்-8 எனக் குறித்தாலும், முற்றுப்பெறாத பைட்டுகள் அடுத்த துண்டு வரும்வரை நிறுத்தி வைக்கப்படும். எக்ஸ்பிரஸ் சட்டகத்தின் ஜேசான் இடைநிரல் இப்பணியைத் தானே செய்கிறது. ஆயினும் அதன் இயல்பான உச்சவரம்பாகிய 100 கிலோபைட்டு தமிழில் ஏறத்தாழ 34,000 குறியீடுகளுக்கே போதும்.

‘கன்டென்ட்-லெங்த்’ புலத்திலும் இதே மயக்கம் நேர்கிறது. அங்கு வேண்டப்படுவது பைட்டு எண்ணிக்கை. சரத்தின் ‘லெங்த்’ தருவதோ 13. அவ்வெண்ணைக் குறித்து ஊர்ப்பெயரை அனுப்பினால், பெறுநருக்கு ‘மார்’ என்பதும் தகரத்தின் முதற்பைட்டும் மட்டுமே சென்று சேரும்.