பத்துத் தடவை பார்க்கப்படும் பணம் எது?

2025 ஏப்ரலில் உள்ளூராட்சித் தேர்தல் பிரசாரத்துக்காக மன்னாருக்கு வந்திருந்த ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க, மேடையில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். தேசிய மக்கள் சக்தியின் கையில் உள்ள சபை நிதி கேட்டால் தயக்கமின்றி ஒதுக்கலாம். வேறு கட்சியின் சபை கேட்டால் அந்தக் கோரிக்கையைப் பத்துத் தடவையாவது பார்க்க வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். ஊழல் பற்றிய சந்தேகமே அதற்குக் காட்டப்பட்ட நியாயம். வாக்காளரை மிரட்டும் பேச்சு என்று தமிழ்க் கட்சிகள் கண்டித்தன. மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. வடக்கின் பல சபைகளில் தமிழ்க் கட்சிகளே தவிசாளர் பதவிகளைப் பெற்றன. பேச்சும் மறக்கப்பட்டுவிட்டது.

ஆனால் அந்தப் பேச்சு எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பிரதேச சபைக்குப் போகும் பணத்தைக் கொழும்பிலிருந்து ஒருவர் நிறுத்த முடியுமா? சில பணத்தை முடியாது. சில பணத்தைத் தாராளமாக முடியும். எது எந்தப் பணம் என்று தெரியாதவரை, எங்கள் ஒழுங்கை ஏன் இன்னும் குன்றும் குழியுமாகக் கிடக்கிறது என்று கேட்கும்போது தவிசாளர் சொல்லும் காரணம் உண்மையா, சாக்கா என்று எங்களால் கண்டுபிடிக்க இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சி என்பது மாகாண சபைக்குரிய விடயம். சபைகளின் அமைப்பையும் வடிவத்தையும் நாடாளுமன்றம் தீர்மானிக்கும். அவற்றின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்வதும், தேவையானால் விசாரணைக்குப் பின் கலைப்பதும் மாகாணத்தின் அதிகாரம். மாகாண சபை விரும்பினால் உள்ளூராட்சி மன்றங்களுக்கு மேலதிக அதிகாரம் கொடுக்கலாம். இருப்பதைப் பறிக்க முடியாது. பிரதேச சபைகள் சட்டத்தில் ‘அமைச்சர்’ என்று வரும் இடங்களை மாகாண அமைச்சர் என்றே வாசிக்க வேண்டும் என்பதற்காக 1989இல் 12ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. ஆக, ஒரு தவிசாளரின் தவறை விசாரிக்க வேண்டியவர் நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த மாகாண அமைச்சர்.

அந்த அமைச்சர் இப்போது எங்கே? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. அன்றிலிருந்து தேர்தல் இல்லை. மாகாணத்தின் அதிகாரங்கள் ஆளுநரின் மேசையில் இருக்கின்றன. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி; ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரைதான் அவர் பதவியில் இருப்பார். சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட மேற்பார்வை அதிகாரம் வந்த வழியே கொழும்புக்குத் திரும்பிவிட்டது. 13ஐப் பற்றி நாங்கள் காணி, பொலிஸ் என்று பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். சபைக்கு வரும் பணம் ஒரே வாய்க்காலால் வருவதில்லை.

முதலாவது, சபை தானே அறவிடுவது. ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை போன்றவை. இதில் ஜனாதிபதியால் கைவைக்க முடியாது. இதுதான் சபையின் உண்மையான சுதந்திரம். ஆனால் போர் மிக ஆழமாகக் காயப்படுத்தியதும் இதைத்தான். ஆதன வரி கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியை வைத்துக் கணிக்கப்படுகிறது. இடிந்த வீட்டுக்கு என்ன பெறுமதி? 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வலிகாமம் வடக்குக் காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. சொந்தக்காரன் போக முடியாத காணியில் சபை யாரிடம் வரி கேட்பது? சொந்தக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகளின் நிலுவை வேறு. பிரதேச சபையொன்று நினைத்த இடமெல்லாம் ஆதன வரி அறவிடவும் முடியாது. கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று அமைச்சரின் ஒப்புதலோடு பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில்தான் முடியும். வன்னியின் பெரும்பரப்பு அப்படியானதல்ல.

இரண்டாவது, முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும். ஒரு காணி கைமாறும்போது கட்டப்படும் முத்திரைத் தீர்வையை மாகாணம் அறவிட்டு, காணி இருக்கும் சபைக்குக் கொடுக்க வேண்டும். இது சபையின் உரிமைப் பணம், யாருடைய தயவும் அல்ல. இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. நல்லூரில் ஒரு பரப்புக் காணி உறுதியோடு விற்கப்பட்டால் சபைக்குக் கணிசமான தொகை வரும். முல்லைத்தீவில், கிளிநொச்சியில் ஏராளமான குடும்பங்கள் அனுமதிப்பத்திரக் காணிகளில் இருக்கின்றன. அவற்றை உறுதிக் காணிபோல விற்க முடியாது. ஆகவே தீர்வையும் இல்லை. காணி உரிமைப் பிரச்சினை என்று தனியே பேசப்படுவது, உண்மையில் அந்த ஊர்ச் சபையின் வருமானப் பிரச்சினையும்தான்.

மூன்றாவது, சம்பளம். நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி திறைசேரியிலிருந்து மாகாணத்துக்கு வரும் தொகுதிக் கொடையோடு வருகிறது. இந்தக் கொடைகள் எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதி ஆணைக்குழு. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் என்று ஐந்து பேர் அதில் இருப்பார்கள். தவிசாளர் எந்தக் கட்சி என்று பார்த்துச் சம்பளத்தை நிறுத்துவது நடக்காது. ஆனால் எத்தனை ஊழியர் இருக்கலாம் என்ற ஆளணி அனுமதி கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். குப்பை அள்ள ஆள் போதாது என்று ஒரு சபை சொல்லும்போது, அது பெரும்பாலும் இந்த அனுமதியைப் பற்றிய பேச்சு. அனுமதி வராதபோது அமைய அடிப்படையில் ஆட்களை எடுத்து, சொந்த வருமானத்திலிருந்து கூலி கொடுக்கிறார்கள். வருமானம் குறைந்த சபைக்கு அதுவும் இல்லை.

நான்காவதுதான் மன்னார் மேடையில் பேசப்பட்ட பணம்: அபிவிருத்தி நிதி. அலுவலகங்களில் பி.எஸ்.டி.ஜி. என்று சொல்லப்படும் மாகாண அபிவிருத்தி நன்கொடை, மத்திய அமைச்சுக்களின் விசேட திட்டங்கள், வெளிநாட்டுக் கடனில் வரும் செயற்றிட்டங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். வீதி, மதகு, வடிகால், சந்தைக் கட்டடம், நூலகம் என்று ஊர் கண்ணால் காணும் எல்லாமே பெரும்பாலும் இதில் தொங்குகின்றன. போருக்குப் பின் உலக வங்கியின் உதவியுடன் வடக்கு, கிழக்குச் சபைகளுக்கென்று வந்த நெல்சிப் திட்டத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். சபைகள் ஓரளவு தாமே திட்டமிட்டுக் கட்டியெழுப்பிய காலம் அது. அப்படி விதிமுறையோடு வரும் நிதி போக, மிச்சத்தில் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் இடம் கொழும்பு. நிதி அமைச்சரும் ஜனாதிபதியே. இந்தப் பணத்தைப் பத்துத் தடவை பார்க்கலாம். பார்க்காமலே மேசையில் போட்டும் வைக்கலாம். மறுத்தேன் என்று எழுத்தில் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

‘பணம் திரும்பிப் போய்விட்டது’ என்ற பேச்சு எங்கள் ஊர்களில் அடிக்கடி அடிபடும் ஒன்று. வடக்கு மாகாண சபைக் காலத்தில் அது ஒரு அரசியல் ஆயுதமாகவே இருந்தது. பட்ஜெட்டில் ஒதுக்கீடு என்பது காசு அல்ல, ஒரு எல்லை. வேலை நடந்து, சிட்டை வந்தபின், திறைசேரி கட்டுநிதியை விடுவித்தால்தான் காசு. டிசம்பர் 31ஆம் திகதியோடு ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கட்டுநிதி வருகிறது என்றால், மழைக்காலத்தில் வன்னியில் எந்த ஒப்பந்தகாரர் தார் ஊற்றுவார்? அப்போது கணக்கில் பணம் ‘திரும்புகிறது’. உண்மையில் அது வந்திருக்கவே இல்லை. இதற்காகச் சபைகளை முழுதாக விட்டுவிடவும் முடியாது. பெப்ரவரியில் முடிக்க வேண்டிய மதிப்பீட்டை ஓகஸ்ட்டில் முடித்துவிட்டு, கொழும்பின் மேல் பழியைப் போடும் சபைகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி திகதிகளைக் கேட்பதுதான்.

இன்னொரு வழி சபையைத் தொடாமலே ஓடுகிறது. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பெயரில் ஒன்றுபோல இருப்பதால் பலருக்கும் குழப்பம். பிரதேச சபை நாங்கள் தெரிவு செய்தது. பிரதேச செயலாளர் அரசாங்க உத்தியோகத்தர்; அவருக்கு மேலே மாவட்டச் செயலாளர், அதாவது கச்சேரி. 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் உதவி அரசாங்க அதிபரின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்த பிறகு, மத்திய அரசின் கை கிராமம் வரைக்கும் நேராக நீண்டுவிட்டது. 2018இல் வந்த கம்பெரலிய போன்ற திட்டங்கள் இந்த வழியால்தான் வந்தன. ஒழுங்கை திருத்தப்பட்டால் மக்களுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் எந்த ஒழுங்கை என்று தீர்மானித்தவர் அடுத்த தேர்தலில் உங்களிடம் வாக்குக் கேட்டு வரப்போவதில்லை.

இடையில் வீதிகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தவிசாளர்கள் அதிகம் ஏச்சு வாங்குவது இதற்காகத்தான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை, அதாவது மத்திக்கு. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபைக்கு. ஏ-9இல் குழி விழுந்தால் அதற்குப் பிரதேச சபைத் தவிசாளரை ஏசிப் பயனில்லை.

மேற்பார்வை நிதி வழியாக மட்டும் வருவதில்லை. 2021 ஏப்ரலில் யாழ். மாநகர முதல்வராக இருந்த மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைது செய்தது. வீதியில் குப்பை போடுவோரைப் பிடிக்க நியமித்த சில ஊழியர்களின் நீலச் சீருடை, விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையைப் போன்றது என்பது குற்றச்சாட்டு. அவர் பின்னர் பிணையில் விடப்பட்டார். ஒரு மாநகர சபையின் சீருடையைப் பற்றிய கேள்வியை உள்ளூராட்சி ஆணையாளர் ஒரு கடிதத்தில் கேட்டிருக்கலாம். தெற்கில் ஒரு மேயருக்கு அந்தக் கடிதம்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பணத்தால் ஒரு சபையை நெருக்க முடியும் என்பதை விட, பணத்தால் சபையே இல்லாமல் ஆக்க முடியும் என்பதை 2023இல் கண்டோம். மார்ச் 9ஆம் திகதி தேர்தல் நடக்க வேண்டும். திறைசேரி பணம் விடுவிக்கவில்லை. வாக்குச்சீட்டு அச்சிட முடியவில்லை. பணத்தைத் தடுத்து வைக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் மார்ச் 3இல் இடைக்கால உத்தரவிட்டும் தேர்தல் நடக்கவில்லை. ஏப்ரல் 25க்கு ஒத்திவைத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. மார்ச் 19உடன் சபைகளின் காலம் முடிந்து, அதிகாரம் செயலாளர்கள், ஆணையாளர்கள் கைக்குப் போனது. தேர்தலை நடத்தாதது வாக்காளரின் அடிப்படை உரிமை மீறல் என்று, அப்போது ஜனாதிபதியும் நிதி அமைச்சருமாயிருந்த ரணில் விக்ரமசிங்க உட்படப் பொறுப்பானவர்கள் மீது நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. அதற்குள் ஒன்றரை ஆண்டு போய்விட்டது. தெரிவான சபைகள் மீண்டும் கூடியது 2025இல்தான்.

சபையில்லாமல் இருப்பது எங்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைகளுக்கு 2011இல் நாடு முழுக்கத் தேர்தல் நடந்தபோதும் தேர்தல் நடத்தவில்லை. மீள்குடியேற்றம் முடியவில்லை என்றார்கள். போர் முடிந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018 பெப்ரவரியில்தான் அந்த மக்கள் தங்கள் சபைக்கு வாக்களித்தார்கள். வீடு, கிணறு, பள்ளிக்கூடம், வீதி என்று எல்லாமே திரும்பக் கட்டப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில், எதை எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கும் தெரிவான உள்ளூர்ச் சபை அங்கே இருக்கவில்லை.

அப்படியென்றால் கண்காணிப்பே வேண்டாமா? வேண்டும். சந்தைக் குத்தகையில் நடக்கும் விளையாட்டுக்கள் எந்தக் கட்சிச் சபையிலும் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு ஜனாதிபதி பத்துத் தடவை பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு சபையின் கணக்கையும் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆண்டுதோறும் பார்க்க வேண்டும், அது அரசியலமைப்பு. தவிசாளர் மீது பாரிய குற்றச்சாட்டு இருந்தால் ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரி ஒருவரைக் கொண்டு விசாரிக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 185ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இவையெல்லாம் எந்தக் கட்சி என்று கேட்பதில்லை.

நாங்களும் பார்க்கலாம். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கக்கூடாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உங்கள் ஒழுங்கைக்கு ஒதுக்கீடு எந்தத் திகதியில் வந்தது, மதிப்பீடு எந்தத் திகதியில் போனது, கட்டுநிதி எந்தத் திகதியில் கிடைத்தது என்ற மூன்றையும் கேளுங்கள். இதே மூன்றையும் மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்திடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாமதம் சபையிலா, ஆளுநர் பக்கத்திலா, திறைசேரியிலா என்பது அந்தத் திகதிகளிலேயே இருக்கும்.