லினக்ஸ் நீக்கிய இடைத்தாங்ககம்

வன்தட்டிலிருந்து வரும் தரவு நினைவகத்தின் எப்பகுதியையும் நேரே சென்றடையும் என எண்ணுதல் இயல்பு. பழைய கணினிகளில் அஃது எப்பொழுதும் இயலவில்லை. 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணினியின் இணைப்புத் தடத்தில் முகவரிக் கம்பிகள் 24 மாத்திரமே இருந்தன. ஆதலின் அதிற் பொருத்தப்பட்ட கருவி 16 மெகாபைற்றுக்கு அப்பாலுள்ள நினைவகத்தைத் தானாக எட்டமாட்டாது. பிற்காலத்து 32 பிற் கணினிகளில் வேறொரு தடை எழுந்தது. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் மையமாகிய கருநிரல், வழமையான அமைப்பில் ஏறத்தாழ 896 மெகாபைற்று நினைவகத்தையே நிலையான முகவரிகளால் அணுகியது. எஞ்சியது 'உயர் நினைவகம்' எனப்பட்டது.

ஆழமற்ற துறையிற் பெருங்கப்பல் புறத்தே நிற்க, வள்ளங்கள் சரக்கை ஏற்றியிறக்குவதுண்டு. அவ்வள்ளத்தின் பணியைச் செய்ததே இடைத்தாங்ககம். வாசிக்கும்போது தரவு முதலில் எட்டக்கூடிய தாழ்ந்த பக்கமொன்றில் இறங்கும். பின்னர் முறைவழியாக்கி அதனை உரிய பக்கத்திற் பிரதிசெய்யும். எழுதும்போது இது தலைகீழாய் நிகழும். இங்கு ஒரு நுட்பமான இடர் உண்டு. நினைவகம் நிரம்பிய வேளையில், இடம் பெறுதற்பொருட்டு முறைமை சில பக்கங்களைத் தட்டில் எழுத முயலும். அவ்வாறு எழுதுதற்கே புதிய பக்கமொன்று வேண்டுமெனின், இடமின்றி எழுத்தில்லை, எழுத்தின்றி இடமில்லை, முறைமை உறைந்துவிடும். இதனை முன்னுணர்ந்தே உயர் நினைவகத் தேவைக்கென 64 பக்கங்கள் எப்பொழுதும் ஒதுக்கி வைக்கப்பட்டன. பழைய நிரலை எழுதினோர் கவனமற்றவர் என்பார் இதனைக் கருதுக.

64 பிற் கணினிகளில் கருநிரல் நினைவகம் முழுவதையும் நேரே அணுகவல்லது. குறுகிய முகவரியுடைய கருவிகளுக்கு வேண்டிய பிரதிசெய்தலைச் சேமிப்பகப் படையின் புறத்தேயுள்ள பொதுப்பகுதி கவனித்துக்கொள்கிறது. எனினும் பழைய நிரலை ஒரே வீச்சில் அகற்றுதல் இயலவில்லை. அதனை நம்பியிருந்த செலுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடவேண்டியதாயிற்று. 2021 இல் வெளிவந்த 5.13 ஆம் பதிப்பில் 16 மெகாபைற்று எல்லைக்குரிய பகுதி நீங்கியது. ஒரு செலுத்தி பிரதியெடுக்கும் பொறுப்பைத் தானே ஏற்றது. வேறு சில அப்பழைய தடத்துக்கான ஆதரவைக் கைவிட்டன. உயர் நினைவகத்துக்குரிய பகுதி 2025 இன் 6.16 ஆம் பதிப்பிலேயே நீங்கிற்று.

இந்நீக்கத்தால் ஒருவரும் இழப்புறவில்லை என்றல் பொருந்தாது. அச்சுப்பொறித் துறைவழி இயங்கிய பழைய 'சிப்' தட்டுக் கருவிகளின் செலுத்திகள், உயர் நினைவக வசதியின்றி அமைத்த கருநிரலில் மாத்திரமே இனிச் சேர்க்கப்படும். உயர் நினைவகத்தைப் பயன்படுத்தும் கணினியில், நேரடி நினைவக அணுகலற்ற யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியோடு இணைந்த சேமிப்புக் கருவியையும் முறைமை ஏற்க மறுக்கும். தரவைப் பிழைபட எழுதுவதினும் மறுத்தலே மேல். அத்தகைய பழைய தட்டிற் கோப்புகளை வைத்திருப்போர், முந்திய பதிப்பொன்று இயங்கும் கணினியில் அவற்றைப் பிரதிசெய்து கொள்ளலாம்.