நாளையைத் தமிழில் எழுதிய பொறியாளர்



கோலகங்சாருக்குப் போய் வந்தவர்கள் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி கட்டிக் காத்துவரும் ஒரு முதிய ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877-ஆம் ஆண்டில் அவ்வூரில் நட்ட கன்றுகளில் எஞ்சி நிற்பது அது என்பார்கள். அன்று அந்தக் கன்றுகளின் முன் நின்று ஒருவர், "இந்தச் செடிக்காக நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வருவார்கள். பேரா முழுவதும் இதுவே காடாகும். பிறகு ஒருநாள் இதையும் சாய்த்துவிட்டுச் செம்பனை நடுவார்கள்" என்று சொல்லியிருந்தால் மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "நன்றாகக் கதை விடுகிறான்" என்றுதான் சிரித்திருப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

இன்னும் வராத காலத்தைப் பற்றி, அறிவியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு கதை சொல்வதற்கென்றே ஓர் எழுத்து வகை இருக்கிறது. அறிவியல் புனைகதை என்று அதற்குப் பெயர். பிரெஞ்சுக்காரரான ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் மனிதர்கள் சந்திரனுக்குப் புறப்படும் கதையை எழுதினார். மனிதன் அங்கே காலை வைத்தது 1969-இல். செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய ஒரு நாடகத்தில்தான் 'ரோபோட்' என்ற சொல் பிறந்தது. பிள்ளைகள் விளையாட்டுப் பொம்மைக்குச் சொல்கிறார்களே, அதே சொல்தான். அதன் வேர் என்ன தெரியுமா? அவர்கள் மொழியில் 'ரொபோட்டா' என்றால், பண்ணைக்காரனுக்குக் குடியானவன் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பு. நம் பாட்டன்மார் இந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அதன் பொருளை அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டிய தேவையும் இருந்திருக்காது.

தமிழில் இந்த வகைக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒருவர். சுஜாதா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த தோட்டத்தில் குமுதமும் ஆனந்த விகடனும் ஒரு வீட்டில் வாங்கி ஒன்பது வீட்டில் படிப்பார்கள். லயத்தின் கடைசி வீட்டுக்கு வந்து சேரும்போது அட்டை போயிருக்கும், நடுப்பக்கம் போயிருக்கும், சில வேளைகளில் அந்த வாரத் தொடர்கதையே போயிருக்கும். விட்டுப்போன வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நாங்களே ஆளுக்கொரு கதை கட்டிக்கொள்வோம். சுஜாதாவை நாங்கள் முதலில் அறிந்தது அப்படிக் கிழிந்த பக்கங்களில்தான்.

அவருடைய இயற்பெயர் ரங்கராஜன். 1935-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியலும், சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் இந்த இரண்டு கல்லூரிகளிலும் படித்தவரே. படிப்பு முடிந்தபின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. வானத்தில் வரும் விமானங்களுக்கு இறங்கு, பொறு, சுற்றி வா என்று தரையிலிருந்து வழிசொல்லும் பணி. அதன்பின் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் அரசு நிறுவனத்தில் பொறியாளராகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். எழுத்து அவருக்குச் சம்பள வேலை அன்று. அலுவலகம் முடிந்தபின் மிச்சமிருந்த நேரத்தில்தான் அத்தனையும்.

அவருடைய முதல் கதை 1953-இல் 'சிவாஜி' என்ற சிறிய பத்திரிகையில் வந்தது. குமுதத்தில் அவர் பெயர் வரத் தொடங்கியது 1960-களில்தான். ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளி! இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுரைப் போட்டியில் ஒருமுறை பரிசு கிடைக்காவிட்டால் "எனக்கு எழுத வராது" என்று பேனாவை மூடிவைத்துவிடும் பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் இருந்தார். இரண்டு ரங்கராஜன் இருந்தால் வாசகர்கள் குழம்புவார்கள் என்பதால், நம்மவர் தம் மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 1968-இல் 'நைலான் கயிறு' தொடராக வந்து பெயரை நிலைநாட்டியது. அது துப்பறியும் கதை. அறிவியல் கதைகளுக்கான இடத்தை அவர் அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார்.

அவற்றில் 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். கதை நடக்கும் காலம் 2020-களின் தொடக்கம். நாம் இப்போது கடந்து வந்துவிட்ட காலம். ஜீவா என்னும் தலைவன் நாட்டை ஆள்கிறான். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். மக்களுக்குப் பெயர்கூட ஓரிரண்டு எழுத்துதான். காணாமற்போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கேலி பேசும், வரவர மனிதரைவிட நன்றாகச் சிந்திக்கும்.

அவர் எழுதியதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. நமக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு ஆர்வமில்லை. சோதிடத்துக்கும் இந்தக் கதைக்கும் வேறுபாடு இருக்கிறது. "இயந்திரங்கள் எல்லாவற்றையும் செய்யத் தொடங்கினால் அவற்றை யார் கையில் வைத்திருப்பார்கள்?" என்பதே அந்தக் கதைக்குள் இருக்கும் கேள்வி. தோட்டத்தை விற்பதும், மரம் மாற்றி நடுவதும், இயந்திரம் இறக்குவதும் தம்மைக் கேட்காமலே நடந்து பார்த்த குடும்பங்களுக்கு அந்தக் கேள்வி புதியதில்லை.

இனி 'சில்லு' என்ற சொல்லுக்கு வருவோம். நொண்டி விளையாட்டில் கட்டத்துக்குள் எறிவோமே, உடைந்த ஓட்டுத் துண்டு, அதுதான் சில்லு. கணினிக்குள் மூளையாக இருக்கும் சின்னஞ்சிறு துண்டுக்கு இந்தச் சொல்லையே வைத்து, 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று ஒரு புத்தகம் எழுதினார் சுஜாதா. மணலில் இருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கன் என்ற பொருளை மெல்லிய தகடாக அறுத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் எண்ணற்ற விசைகளை அமைக்கிறார்கள். வீட்டு விளக்கின் விசையைப் போலவே ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை: மூடியது, திறந்தது. இந்த இரண்டை வைத்துக்கொண்டே கூட்டல், கழித்தல், எழுத்து, பாட்டு, படம் எல்லாம் நடக்கின்றன. ஈப்போவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இத்தகைய சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலைக்கு நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைப் பேருந்தில் போய்வந்திருக்கிறார்கள். கையில் பிடித்த பொருள் என்ன என்று அவர்களுக்கு யாராவது தமிழில் சொன்னார்களா? ஒரு நூல் சொல்லி வைத்திருந்தது. அதை அவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்காதது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குறை.

இவ்வாறு சொல்லிக்கொடுப்பதில் அவர் சலித்ததே இல்லை. ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். மூளையைப் பற்றிய நூலுக்கு அவர் வைத்த பெயர் 'தலைமைச் செயலகம்'. அறிவியலை மக்களிடம் பரப்பியதற்காக 1993-இல் இந்திய அரசின் விருதும் கிடைத்தது.

ஆனால் கதையில் எழுதியதைவிட வியப்பான ஒரு காரியம் அவர் அலுவலகத்தில் நடந்தது. நாம் இங்கே தேர்தலன்று வாக்குச் சீட்டில் குறியிட்டு, மடித்துப் பெட்டியில் போடுகிறோம். இந்தியாவிலும் முன்பு அப்படித்தான். கோடிக்கணக்கான சீட்டுகளை அச்சிட்டு, எண்ணி முடிப்பது பெரும்பாடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், கத்தையாகச் சீட்டைத் திணிப்பதும் வேறு. இதற்கு மாற்றாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைச் செய்த இரண்டு அரசு நிறுவனங்களில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒன்று. அங்கே அந்தப் பணியை மேற்பார்த்தவர் நம் கதாசிரியர்தான்.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு பகுதிகள். ஒன்று வாக்குச்சாவடி அதிகாரியின் மேசையில். மற்றொன்று மறைப்புக்குள் வாக்காளரிடம். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். அதிகாரி தம் பொத்தானை அழுத்தினால்தான் உள்ளே ஒரு வாக்கு திறக்கும். வாக்காளர் தமக்கு வேண்டிய சின்னத்துக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தியதும் அது பதிவாகி, உடனே பூட்டிக்கொள்ளும். பிறகு பத்துத் தடவை அழுத்தினாலும் அசையாது. அதிகாரி மறுபடி திறக்க வேண்டும். கத்தை கத்தையாகத் திணிப்பது அதனால் கடினமாகிறது. மின்சாரம் வராத ஊரிலும் நடக்க வேண்டுமென்று பேட்டரியில் இயங்கும்படி செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து அழுத்தலாம்.

1982-இல் கேரளத்தில் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் அதை முதன்முதலாக வைத்தார்கள். 123 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. தோற்றவர் வழக்குப் போட்டார். 1984-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை, அந்தச் சாவடிகளில் சீட்டு முறையிலேயே மறுபடி வாக்கெடுங்கள் என்றது. இயந்திரத்தில் பழுது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டம் இன்னும் அதுவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பிறகு 1988-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1998-இல் சில மாநிலங்களில் ஒரு சில தொகுதிகளில் பயன்படுத்தினார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் இந்தியா முழுவதும் அந்த இயந்திரத்திலேயே வாக்களித்தது. 1982-க்கும் 2004-க்கும் நடுவே 22 ஆண்டுகள். அந்த இயந்திரத்தை நம்பலாமா என்று அதன்பிறகும் அங்கே வாதம் நடந்துகொண்டுதான் இருந்தது; மக்களின் வாக்கைத் தொடும் பொருளைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் தவறில்லை.

சுஜாதா இயந்திரங்களை மட்டும் எழுதியவர் என்று எண்ணிவிடாதீர்கள். 'நகரம்' என்று ஒரு சிறுகதை. வள்ளியம்மாள் என்னும் கிராமத்துத் தாய், மூளைக் காய்ச்சல் கண்ட மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறாள். உடனே சேர்க்க வேண்டும் என்று பெரிய மருத்துவர் சொல்லிவிடுகிறார். ஆனால் இந்தச் சீட்டை அங்கே கொடு, அங்கே கையெழுத்து வாங்கு, நாளைக் காலையில் வா என்று ஆளாளுக்கு விரட்ட, அறைக்கு அறை அலைந்த தாய் கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள். மருத்துவம் அங்கே இருந்தது. மனமுள்ள மருத்துவரும் இருந்தார். நடுவில் வழிதான் இல்லை. கையில் அட்டையோடு எந்த வரிசை என்று தெரியாமல் நின்ற அனுபவம் இருப்பவர்கள் அந்தக் கதையை ஒருமுறை படித்தால் போதும், மறக்கமாட்டார்கள். இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் அதே கண்தான், ஒரு மருத்துவமனை எங்கே சிக்கிக்கொள்கிறது என்றும் பார்த்திருக்கிறது.

அவர் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் சென்னையில் காலமானார். அவர் வசனத்தில் பங்கேற்ற 'எந்திரன்' திரைப்படம் வெளிவந்தது 2010-இல். நம் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தின் சிட்டியைத் தெரியும், எழுதியவரைத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜீனோவின் கதையைச் சுருக்கிச் சொன்னோம். பக்கத்துச் சிறுதோட்டத்தில் பால்மரம் வெட்டும் தாயின் மகள் ஒருத்தி எழுந்து, "டீச்சர், ஜீனோவுக்குப் பால் வெட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்களும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்தபின்தான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று உறைத்தது.

மறுநாள் அவளிடமே திருப்பிக் கேட்டோம்: "தெரியவேண்டுமானால் அது என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும்? அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டு வா." இரண்டு பக்கம் எழுதி வந்தாள். விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும் என்றால், வெயில் ஏறிவிட்டால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் குறைவாக வடியும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. பால் குழாய்கள் அதை ஒட்டித்தான் நெருங்கி இருக்கின்றன. மேலாக வெட்டினால் பால் இல்லை. தோலில் உளி பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இத்தனை நுட்பமும் அம்மாவின் மணிக்கட்டில் இருக்கிறது. "அதனால் ஜீனோவுக்குக் கண்ணைவிடக் கை முக்கியம்" என்று எழுதியிருந்தாள். அறிவியல் பாடத்தில் நாங்கள் நடத்தாத பாடம் அது.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கதை போலவும் கொஞ்சம் எழுதியிருந்தாள். மழை பெய்கிறது, மரமெல்லாம் நனைந்துவிட்டது, அன்றைக்கு வெட்டு இல்லை. ஜீனோ அம்மாவின் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறது:

"எனக்குப் பசிக்காது. உங்களுக்கு இன்றைக்குச் சம்பளம் உண்டா?"