இரண்டு இருந்தால் போதுமா?

சர்வர் ரூம் என்றால் நம் ஆபீஸ்களில் தனி மரியாதை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். காரணம் பக்தியில்லை, தூசி. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. வயரிங் மட்டும் பகவான் விட்ட வழி.

இந்த அறைகளில் மின்சாரம் எப்படி வரணும், கேபிள் எப்படிப் போகணும், ராக் எங்கே நிற்கணும் என்று படம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. போனதும் பொறுப்பாளர் பெருமையாகச் சொல்வார்: "எல்லாம் ரெண்டு ரெண்டு சார். ரெண்டு லைன், ரெண்டு யு.பி.எஸ்."

நான் கேட்பது ஒன்றுதான். "ரெண்டும் ஒரே வழியா வருதா, வேற வேற வழியா?"

அங்கேதான் முழிப்பார். இரண்டு லைனும் ஒரே பள்ளத்தில் வந்தால், ஒரு கடப்பாரை போதும்.

அடுத்தது கணக்கு. சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை, ஆளுக்குப் பாதி சுமை. 32 ஆம்பியர் லைன் இரண்டு. ஒவ்வொன்றிலும் 24 ஆம்பியர் ஓடினால் மீட்டரைப் பார்க்க நிம்மதியாக இருக்கும். ஒன்று போனால்? மொத்தம் 48-ம் அடுத்ததன் தலையில். சில நிமிஷத்தில் பிரேக்கர் விழும். ஆபத்துக்கு வைத்த ஆளும் காலி! பிரேக்கரை நாள்பூரா 80 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதனால் ஒவ்வொரு லைனையும் 12, 13 ஆம்பியரோடு நிறுத்துவதுதான் உத்தமம்.

ராக் விஷயமும் 'தனித்தனி'தான். சர்வர் முகத்தால் குளிர்காற்றைக் குடித்து, முதுகால் சூட்டை விடும். ஒரு வரிசையின் முதுகு அடுத்த வரிசையின் முகத்தைப் பார்த்தால், அவன் விட்ட பெருமூச்சை இவன் குடிக்கணும். ஆகவே முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. காலி இடங்களைத் தகடு போட்டு மூடணும். கனமான சாமான் கீழே. மின்சாரக் கேபிளும் செம்பு டேட்டா கேபிளும் ஒட்டி உரசிப் போனால் சிக்னல் கெடும். ரெண்டுக்கும் தனித் தட்டு வேண்டும்.

"இவ்வளவு பார்த்தா இடம் எங்கே சார்?" என்பார்கள். அதற்கு நான் சொல்லும் கதை தென்கொரியாவில் நடந்தது.

தேஜான் நகரில் அரசாங்கத்தின் தேசியத் தகவல் வள மையம். ஐந்தாம் மாடியில் சர்வர்களும், யு.பி.எஸ்.ஸின் லித்தியம் பேட்டரிகளும் ஒரே அறையில் குடித்தனம். இது ஆபத்து என்று அவர்களுக்கே தெரியும். பேட்டரிகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். 2025 செப்டம்பர் 26 இரவு, அந்த வேலை நடக்கும்போதே தீ. லித்தியம் ஒன்று பற்றினால் சூட்டில் அடுத்ததும் பற்றும். 384 பேட்டரிகள் எரிந்தன. அணைக்க ஏறக்குறைய 22 மணி நேரம். 709 அரசு சேவைகள் நின்றன.

அதைவிடக் கொடுமை, ஜி-டிரைவ். அரசு ஊழியர்கள் ஆளுக்கு 30 ஜி.பி. இடத்தில் ஆபீஸ் கோப்புகளைச் சேமித்த பொது அலமாரி. மொத்தம் 858 டெராபைட். வெளியே வேறெங்கும் நகல் இல்லை, அளவு பெரிதாம்! எல்லாக் கோப்பையும் அதிலேயே வைக்கச் சொல்லியிருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகத்துக்குத்தான் பலத்த அடி. சொன்னபடி கேட்ட குமாஸ்தாக்களின் வருஷக்கணக்கான உழைப்பு, ஒரே ராத்திரியில் சாம்பல்.

பேட்டரிக்கும் சர்வருக்கும் நடுவே தீயைத் தாங்கும் ஒரு சுவர், வேறு ஊரில் ஒரு நகல். இந்த இரண்டும் இருந்திருந்தால், விபத்து பேட்டரியோடு போயிருக்கும்.

உங்கள் ஆபீஸ் சர்வருக்குப் பின்னால் நாளைக்கு எட்டிப் பாருங்கள். இரண்டு வயர் இருக்கும். இரண்டும் போய்ச் சேருவது ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றால், உங்களிடம் இருப்பது ஒன்றுதான் சார். மானேஜரிடம் சொல்லுங்கள். கையோடு உங்கள் முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அவர் கூட்டம் போட்டு முடிவெடுக்க நாளாகும்.