படைத்துறைத் துப்பாக்கியின் ஒளியியல் குறிநோக்கி: விரைவும் துல்லியமும்

முன்னுரை

படைவீரர் ஒருவர் இலக்கை இனங்கண்டு குறிபார்த்துச் சுடுவதற்கு ஓரிரு நொடிகளே வாய்ப்பதுண்டு. எதிரே தோன்றுபவர் ஆயுதம் ஏந்தியவரா, பொதுமகனா என்பதையும் அதற்குள்ளேயே அவர் முடிவுசெய்தல் வேண்டும். குறிநோக்கியின் வடிவமைப்பு இவ்விரு பணிகளையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரும்புக் குறிகளின் எல்லை

பின்குறி, முன்குறி, இலக்கு ஆகியன மூன்று வேறு தொலைவுகளில் அமைந்தவை. மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவில் மட்டுமே தெளிவாகக் குவியும். ஆதலின் முன்குறியைக் கூர்ந்து நோக்குங்கால் இலக்கு மங்கித் தோன்றுகிறது.

சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி

1970களின் நடுவில் சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய மின்னணுக் குறிநோக்கி இச்சிக்கலைப் பெரிதும் குறைத்தது. இதில் குழியாடி போன்று வளைந்த கண்ணாடியின் குவியத்தில் சிறு ஒளிமூலம் அமைகிறது. எதிரொளிக்கும் கதிர்கள் இணைகதிர்களாகக் கண்ணை அடைவதால், இலக்கும் புள்ளியும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன. கண் சற்று விலகினும் குறி பெரிதும் பிறழ்வதில்லை. எனினும் உருப்பெருக்கம் இன்மையால், தொலைவில் உள்ளவரை இனங்காண இது துணைபுரிவதில்லை.

உருப்பெருக்கமும் அதன் விலையும்

அமெரிக்க மரைன் படை பயன்படுத்திய ட்ரிஜிகான் நிறுவனத்தின் 4 மடங்கு ஏகாக் குறிநோக்கியின் முன்லென்சு 32 மி.மீ. விட்டமுடையது. இதனை 4 ஆல் வகுத்தால், கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் விட்டம் 8 மி.மீ. ஆகும். இது இருளில் விரிந்த கண்பாவையைவிடவும் அகன்றது. எனவே காட்சி எளிதில் மறைவதில்லை. ஆயினும் கண்ணை லென்சிலிருந்து ஏறத்தாழ 38 மி.மீ. தொலைவிலேயே நிறுத்த வேண்டும். 100 மீட்டரில் காட்சிப்புலமும் ஏறத்தாழ 12 மீட்டராகச் சுருங்குகிறது. இக்குறையை ஈடுசெய்ய, இரு கண்களையும் திறந்து நோக்கும் முறையை அந்நிறுவனத்தை நிறுவிய கிளின் பிண்டன் முன்வைத்தார். துப்பாக்கி நகரும்போது மூளை வெறுங்கண் காட்சியை ஏற்கிறது. நகர்வு நின்றதும் பெருக்கிய காட்சியை ஏற்கிறது.

மாறும் உருப்பெருக்கம்

2022இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த எக்ஸ்எம்157 குறிநோக்கி 1 முதல் 8 மடங்கு வரை மாறக்கூடியது. லேசர் தொலைவுமானியும் அதனுள் அடங்கும். அதன் 30 மி.மீ. முன்லென்சு, 8 மடங்கில் 3.75 மி.மீ. ஒளிக்கற்றையையே தருகிறது. தலை சிறிது அசைந்தாலும் காட்சி கருத்துவிடும். உருப்பெருக்கத்தை மாற்றுவதற்கும் காலம் செலவாகிறது.

நிறைவுரை

குறிநோக்கி துப்பாக்கியின் இயல்பான துல்லியத்தை மாற்றுவதில்லை; கண்ணின் சுமையையே மாற்றுகிறது. சிவப்புப் புள்ளி குறிபார்க்கும் காலத்தைக் குறைக்கிறது. உருப்பெருக்கம் இனங்காணும் பிழையைக் குறைக்கிறது. ஒன்றில் பெறுவதை மற்றொன்றில் ஓரளவு இழக்க நேர்கிறது. ஆகவே குறிநோக்கியைத் தேர்தல் என்பது, காலந்தாழ்ந்த சூடு, ஆள் மாறிய சூடு ஆகிய இரண்டனுள் எதனைத் தவிர்ப்பது முதன்மையானது என்னும் முடிவாகவும் அமைகிறது.